ஒரே கூரைக்குக் கீழே பன்னிரண்டு அடுப்பு

புகையைக் குறைக்க அவரவர் ஊரில் என்ன செய்தோம் என்ற பேச்சு வந்ததால் எங்கள் லயத்துக் கதையைச் சொல்கிறேன். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டியிருக்கும் தொழிலாளர் வீடுகள், எங்களுடையதில் பன்னிரண்டு.

2022இல் கேஸ் தட்டுப்பாடு வந்தபோது, கேஸுக்கு மாறியிருந்த வீடுகளும் விறகுக்கே திரும்பின. விறகு என்றால் கவ்வாத்து மிலாறுதான், தேயிலைச் செடியை வெட்டிவிடும்போது கிடைக்கும் குச்சிகள். மழைக்காலத்தில் அது இலேசில் பற்றாது. ஒரு ஷொப்பிங் பேக்கைச் சுருட்டிக் குச்சியில் மாட்டிக் கொளுத்துவோம். அது உருகிக் கறுப்புச் சொட்டாக ஈர மிலாறின் மேல் விழும், சுர்ரென்று சத்தம் வரும், அப்புறம்தான் அடுப்பு பிடிக்கும். சின்ன வயதில் அந்தச் சொட்டுகளை எண்ணிக்கொண்டு அம்மா பக்கத்தில் குந்தியிருப்பேன்.

அம்மாவுக்கு இருமல் நிற்கவேயில்லை. கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி கேட்ட முதல் கேள்வி, "அம்மா, அடுப்ப எதப் போட்டுப் பத்த வைக்கிறீங்க?" பொலித்தீன் எரிந்தால் நச்சு வாயு வரும் என்றார். வெறும் விறகுப் புகையிலும் தலைமுடித் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கேயான துகள்கள் இருக்கின்றன, அவை நுரையீரலின் அடிவரை போய்விடும் என்றும் சொன்னார்.

அன்றே எங்கள் வீட்டில் பேக் கொளுத்துவதை நிறுத்தினோம். ஆனால் எங்களுடைய மாதிரிப் பழைய லயத்தில் காம்பராக்களுக்கு, அதாவது வீட்டு அறைகளுக்கு, நடுவிலுள்ள சுவர் கூரைவரை போவதில்லை. விடிய நாலரைக்குப் பக்கத்துக் காம்பராப் பெரியம்மா கொளுத்தும் பேக்கின் நாற்றம் எங்கள் பாயில் வந்து இறங்கும். வயதில் மூத்தவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான் தயங்கினேன். அம்மாவே போனார். "அக்கா, நீங்க இருமினா எனக்குக் கேக்குது, நான் இருமினா ஒங்களுக்குக் கேக்குது. ரெண்டு பேருமா நிறுத்திப் பாப்போமே."

பன்னிரண்டு வீட்டுக்கும் அந்தப் பேச்சு போக நாலு மாதம் பிடித்தது. பேக்குக்குப் பதிலாக, காய்ந்த மரத்தைச் சிராயாகச் சீவிப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தோம். நாலு வீட்டில் அனகி அடுப்பு வாங்கினார்கள். களிமண் அடுப்புதான், ஒரே வாயில் விறகு வைத்தால் சோறும் கறியும் சேர்ந்து வேகும், விறகும் குறைவு. கூரையில் புகைபோக்கி வைக்க மட்டும் தோட்டத்தில் இன்னும் அனுமதி தரவில்லை. அது எனக்கு ஆறாத கோபம்.

அம்மாவின் இருமல் முழுதாகப் போகவில்லை. இரவில் தூங்குகிறார்.

*

பண்டாரவளையிலிருந்து: இங்கே எங்களுக்குக் குப்பைதான் தலைவலி. திறந்தவெளியில் பிளாஸ்டிக் எரிக்க 2017இலேயே தடை வந்துவிட்டது. சட்டத்தைச் சொன்னபோது யாரும் அசையவில்லை. "கொடியில் பிள்ளையின் வெள்ளைச் சட்டை காயுது" என்று சொன்னதும் எங்கள் வரிசையில் எரிப்பது நின்றது. ஓகஸ்ட் காற்றில் மானாப் புல்லுக்கு வைக்கும் நெருப்பைத்தான் இன்னும் நிறுத்த முடியவில்லை. ஒரு கேள்வி: மழையில் மிலாறை எங்கே காய வைக்கிறீர்கள்?

*

கண்டியிலிருந்து: நகரம் மலைகளுக்கு நடுவே கிண்ணம் மாதிரிக் கிடப்பதால் காலைக் குளிரில் புகை மேலே எழும்பாமல் தேங்கி நிற்கும். ஸ்கூல் வேன்கள் பிள்ளைகளுக்காக இருபது நிமிடம் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்கும். தாய்மார் சேர்ந்து டிரைவர் அண்ணாமாரிடம் கேட்டோம். டீசல் காசும் மிச்சம் என்பதால் அநேகமானோர் அணைத்துவிடுகிறார்கள்.

*

ஹட்டனிலிருந்து பண்டாரவளைக்காரருக்கு: இஸ்தோப்பு என்கிற முன் திண்ணையின் சுவரோடு, நிலத்தில் படாமல் இரண்டு கல் வைத்து அடுக்குவோம். அடுத்த நாளுக்கு வேண்டியதை மட்டும் இரவு அடுப்பு அணைந்த பிறகு மேலே பரணில் வைப்போம். தணல் இருக்கும்போது வைக்காதீர்கள். ஒருமுறை பரண் பற்றப் பார்த்தது. மெல்லிய மிலாறு இரண்டு கிழமையில் காயும், தடித்ததைப் பிளந்து வையுங்கள்.