மறு: பயோமார்க்கருக்கு ஒரு சொல், வெள்ளிக்குள்

தருமபுரியிலிருந்து:
வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கான கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. யாருக்குத் தொற்று வர வாய்ப்பு கூடுதல் என்று முன்கூட்டி ஊகிக்க உதவும் ரத்தப் பரிசோதனைகளுக்கு ஒரு பக்கம்: ஆல்புமின் (ரத்தப் புரதம்), சி.ஆர்.பி. (அழற்சியில் ஏறும் புரதம்), நியூட்ரோபில்-லிம்போசைட் விகிதம் (இருவகை வெள்ளணுக்களின் விகிதம்). இப்படி உடல்நிலையைக் காட்டும் அளவுகளை ஆங்கிலத்தில் பயோமார்க்கர் என்கிறார்கள்; ஆனால் மார்க்கர் என்றால் இங்கே பேனாதான். 'தொற்றுக்குறி' எனப் போட்டிருக்கிறேன். சரிதானா?

அரூர்:
குறியா? கோயிலில் குறி கேட்கிற ஊரய்யா இது! குறளின் குறிப்பறிதல் அதிகாரத்திலேயே விடை இருக்கிறது: 'அடுத்தது காட்டும் பளிங்குபோல்'. அடுத்து வருவதைக் காட்டுவது 'அடுத்ததுகாட்டி'.

கிருஷ்ணகிரி:
ஐயா, அங்கே 'அடுத்தது' பக்கத்தில் இருக்கும் பொருள்; நாளை வரப்போவது அல்ல. 'அடுத்தூர்வது அஃதொப்ப தில்' என்பதிலும் நெருங்குதல்தான்.

அரூர்:
நெருங்குவது வரப்போவதுதானே தம்பி? அடுப்பு என்பதையும் பாரும்.

கிருஷ்ணகிரி:
அது சமைத்தல் பொருளில் வரும் அடுதல். வேறு வினை.

ஊத்தங்கரை (ஆய்வகம்):
அடுப்பை அணைத்துவிட்டுப் பொருளுக்கு வாருங்கள். 'தொற்றுக்குறி' தப்பு. சி.ஆர்.பி. கல்லீரல் சுரக்கும் புரதம். மூட்டுவாதத்திலும் ஏறும், அடிபட்டாலும் ஏறும். ஆல்புமினோ வயிற்றில் விட்டு வடிக்கும் நீரோடு தினமும் கொஞ்சம் போய்க்கொண்டே இருக்கிறது. அது குறைந்தவர்களுக்குத் தொற்று அதிகம் வருகிறது, அவ்வளவே. வந்துவிட்டதா என்பதற்கு வடிநீரைத்தான் பார்க்க வேண்டும்: மைக்ரோலிட்டருக்கு 100க்கு மேல் வெள்ளணுக்கள், அதில் பாதிக்கு மேல் நியூட்ரோபில். ஆகவே 'இடர்ச்சுட்டி'.

அரூர்:
சுட்டி என்றால் கணினி மவுஸ். இல்லையேல் அடங்காத பிள்ளை.

பாலக்கோடு (செவிலியர்):
வடிந்த பையைச் செய்தித்தாள் மேல் வைத்து, எழுத்து தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லிக்கொடுப்பவள் நான். கலங்கலாக இருந்தால், வயிறு வலித்தால், உடனே ஆஸ்பத்திரி. அது அவர்களுக்குப் புரிகிறது. ரத்த ரிப்போர்ட்டை நீட்டி, "அளவு எப்படிம்மா இருக்கு?" என்றுதான் கேட்கிறார்கள். 'எச்சரிக்கை அளவு' என்று போடக்கூடாதா?

அரூர்:
அளவு ஒரு கலைச்சொல்லா அம்மா? மணிமேகலையில் அளவைவாதி சொல்வதென்றால்...

தருமபுரியிலிருந்து:
ஐயா, அளவைவாதிக்குத் தனி இழை தொடங்குங்கள். ஆதரவு கூடுதல் 'இடர்ச்சுட்டி'க்கு, தலைப்பில் அது. உள்ளே எல்லா இடத்திலும் 'எச்சரிக்கை அளவு'. கலங்கல் பை பற்றிய வரியை முதல் பக்கத்துக்கே கொண்டுபோய்விட்டேன். கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது.

அரூர்:
போகட்டும். சுட்டிக்கு என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். பளிங்கை நான் விடுவதாக இல்லை.