தட்டு காலி, ஆனா விலா எலும்பு தெரியுது: எங்க நாய்களோட செரிமானக் கதை

ரோமி வீடு:
எங்க ரோமி ஜெர்மன் ஷெப்பர்டு. ஒன்றரை வயசுல ஆரம்பிச்சது. தட்டை வழிச்சு நக்கிட்டு மறுபடியும் அடுப்படி வாசல்ல வந்து நிக்கும், ஆனா விலா எலும்பை எண்ணிடலாம். மலம் சாணி மாதிரி குவியும். வெளிறின மஞ்சள், எண்ணெய்ப் பிசுக்கு, நாத்தம் குடலைப் பிடுங்கும். போதாக்குறைக்கு அதையே திங்கப் போகும். பூச்சி மருந்து, தயிர் சாதம் எதுக்கும் மசியல.

கணையம் சரியா வேலை செய்யுதான்னு பார்க்க டாக்டர் டிஎல்ஐங்கிற ரத்தப் பரிசோதனை எழுதினார். ராத்திரியிலிருந்து வெறும் வயிறா வச்சிருந்து காலையில ரத்தம் எடுத்தாங்க. 2.5-க்குக் கீழ வந்தா கணைய நொதிக் குறைபாடு உறுதி; இதுக்கு 1-ஐக்கூடத் தொடல. இந்த இனத்துல கணையம் சுருங்கிப்போறது அதிகமாம். நொதி சுரக்காததால தின்னது செரிக்காம அப்படியே வெளிய போகுது.

மருந்து, பன்றிக் கணையத்துல இருந்து எடுக்கிற நொதி. ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டுல கலக்கணும், ஆயுசு பூரா. நாய்க்கான பொடி எங்க ஊர்ல கிடைக்கல. டாக்டர் அளவு சொல்லி மனுஷங்க கேப்ஸ்யூல் எழுதினார். பிரிச்சுக் கொட்டிப் பிசையறேன். சோறு ஆறியிருக்கணும், சூட்டுல நொதி வீணாயிடும். நடுவுல மாமியார் பாசமா ஒரு பிஸ்கட் போட்டா மறுநாள் காலையில முற்றத்துல தெரிஞ்சிடும். ரோமியைப் பழக்கிட்டேன், அவங்களைத்தான் முடியல.

நொதி குடுத்தும் எடை ஏறல. பார்த்தா பி12 அடிமட்டம். நாய்க்கு அந்தச் சத்தை உடம்புல சேர்க்கிற புரதமும் பெரும்பாலும் கணையத்துல இருந்துதான் வருதாம். வாராவாரம் ஊசி போட்டதும்தான் முதுகுல சதை பிடிச்சது.

டைகர் அம்மா:
எங்களுக்கும் இதேதான். பொடி போட்ட புதுசுல ஈறுல புண்ணு, ரத்தம். டாக்டர் அளவைக் குறைச்சார், சோத்தைத் தண்ணி விட்டுக் கொழகொழன்னு பிசையச் சொன்னார். ஆறிடுச்சு.

பிளாக்கி அப்பா:
பிளாக்கி லேப்ரடார். மாசக்கணக்கா கழிச்சல், ஆனா டிஎல்ஐ சரியாவே இருந்தது. குடல் அழற்சின்னாங்க. சிக்கனை அடியோட நிறுத்தி, இதுவரை திங்காத மீனும் சோறும் மட்டும். சப்ளிமென்ட், எலும்பு, சுவையூட்டின மாத்திரை எதுவும் கூடாது. ரெண்டு வாரத்துக்குள்ள மலம் கட்டியாயிடுச்சு. உறுதிப்படுத்த மறுபடி சிக்கன் குடுத்துப் பார்த்தோம், திரும்ப அதே கதை. இப்ப முள்ளெடுத்த மத்திதான். சீசன்ல சிக்கனை விட மலிவு, வீடுதான் நாறுது.