ஒரே கேள்வி மறுபடியும் மறுபடியும் வந்தால் என்ன செய்கிறீர்கள்? (அனுபவப் பகிர்வு)

லாஸ்பேட்டை, புதுச்சேரி

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் பக்கம் பல வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கரண்ட் வந்து போன்களில் சார்ஜ் ஏறியதும் எங்கள் கணினி உதவி டெலிகிராம் குழுவில் செய்திகள் குவிந்தன. பெரும்பாலும் ஒரே கேள்வி: "லேப்டாப் நனைஞ்சிடுச்சு, ஆன் பண்ணிப் பார்க்கலாமா?"

பதிலும் ஒன்றுதான். ஆன் பண்ணவே வேண்டாம். சார்ஜரை உருவிவிடுங்கள். பேட்டரியைக் கழற்ற முடிகிற மாடல் என்றால் கழற்றுங்கள். அரிசிக்குள் புதைத்து வைத்தால் உள்ளே படிந்த சேறு போகாது. திறந்து சுத்தம் செய்கிற கடைக்குக் கொண்டுபோங்கள். முக்கியமான கோப்புகள் இருக்கும் ஹார்ட் டிஸ்க் என்றால், "ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்ற ஆசையே கூடாது.

இதை ஒருவர் பொறுமையாக எழுதுவார். கொஞ்ச நேரத்தில் பால் எங்கே கிடைக்கிறது, எந்த ரோடு திறந்திருக்கிறது என்ற செய்திகள் வந்து அதை மேலே தள்ளிவிடும். உடனே அடுத்தவர் அதே கேள்வியோடு வருவார். பழைய உறுப்பினர்கள் அலுத்துப்போய் "மேலே தேடிப் பாருங்க" என்று எழுத ஆரம்பித்தார்கள். அந்த அலுப்பு நியாயமானது. யாரும் சம்பளம் வாங்கிக்கொண்டு பதில் சொல்லவில்லை, அவர்கள் வீட்டிலும் தண்ணீர். ஆனால் தேடச் சொல்வதால் பயன் இல்லை என்றே நினைக்கிறேன். ஒருவர் 'லேப்டாப்' என்று எழுதுகிறார், இன்னொருவர் 'சிஸ்டம்' என்கிறார், வேறொருவர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார். பாதிப்பேர் வாய்ஸ் மெசேஜ், இல்லாவிட்டால் கறுப்புத் திரையின் போட்டோ. இதையெல்லாம் ஒரே கேள்வி என்று தேடல் பெட்டி எப்படிக் கண்டுபிடிக்கும்?

2008இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற, நிரல் எழுதுபவர்களுக்கான கேள்வி-பதில் தளத்தில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஏற்கெனவே பதில் உள்ள கேள்வியை மூடினாலும், பல நேரம் அதை அழிக்காமல் பழைய பதிலுக்கு இணைப்புக் கொடுத்து வைத்திருப்பார்கள். அதே சொற்களில் தேடி வரும் அடுத்த ஆளை அது சரியான இடத்துக்கு அழைத்துப்போகும். நாங்களும் அப்படித்தான் செய்தோம். பதிலை ஒரே செய்தியாக எழுதி, குழுவின் உச்சியிலேயே நிற்கும்படி 'பின்' (pin) செய்து, மக்கள் கேட்ட வரிகளையே அதற்குத் தலைப்பாக அடுக்கினோம்: "தண்ணி போயிடுச்சு", "ஆன் ஆகல", "லைட் எரியுது, ஸ்கிரீன் வரல". கேட்பவருக்கு அந்த இணைப்பு, கூடவே அவர் பிரச்சினையைப் பார்த்து எழுதிய ஒரு வரி. அந்த ஒரு வரி கட்டாயம். வெறும் இணைப்பை மட்டும் கொடுத்தால் துரத்திவிட்ட மாதிரிதான் இருக்கும். தனிச் செய்தியில் யாருக்கும் பதில் சொல்லக்கூடாது என்றும் பேசிக்கொண்டோம், அங்கே சொன்னது அடுத்தவருக்குக் கிடைக்காது. ஒரு வேளைக்கு ஒருவர் பொறுப்பு; மற்றவர்கள் குழுவை மியூட் செய்துவிட்டுத் தங்கள் வீட்டு வேலையைப் பார்க்கலாம். ஒருவர் ஒரு செய்தி போட்டபின் கொஞ்ச நேரம் காத்திருக்க வைக்கும் ஸ்லோ மோடையும் போட்டோம்.

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

லாஸ்பேட்டை நண்பர் சொன்னதில் ஸ்லோ மோடை மட்டும் ஏற்க மாட்டேன். சர்வீஸ் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த டிசம்பரில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது எங்கள் பக்கக் குழுவிலும் இதே கூட்டம். எந்த மாடல், எவ்வளவு நேரம் தண்ணீரில் இருந்தது, அதற்கப்புறம் ஆன் செய்தார்களா என்று நாம்தான் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க வேண்டும். பதற்றத்தில் இருப்பவர் எல்லாவற்றையும் ஒரே செய்தியில் எழுத மாட்டார். அவர் வாயை அந்த நேரத்தில் பூட்டி வைத்தால், காத்திருக்கப் பொறுக்காமல் பவர் பட்டனை அழுத்திவிடுவார். அதைவிட, கேள்விக்குத் தனி டாபிக், பால், ரோடு விஷயங்களுக்குத் தனி டாபிக் என்று பிரித்துவிடலாம். டெலிகிராம் குழுக்களில் 2022இலிருந்து அந்த வசதி இருக்கிறது.

இன்னொன்று, பின் செய்த பதிலில் தேதி போடுங்கள். "பழைய லேப்டாப்புக்கு விண்டோஸ் 10 போதும்" என்ற பதில் எங்கள் குழுவில் இன்னும் சுற்றுகிறது. மைக்ரோசாஃப்ட் அதற்கான பாதுகாப்பு அப்டேட் உள்ளிட்ட வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்றே நிறுத்திவிட்டது. தேதி இல்லாததால் படிப்பவருக்கு அது நேற்று எழுதியதுபோல இருக்கிறது. பதிலே இல்லாவிட்டால் ஆள் மறுபடி கேட்பார். காலாவதியான பதில் இருந்தால் அதை நம்பிப் போய்விடுவார்.

பண்ருட்டி

நான் கல்லூரி மாணவி. லினக்ஸ் இயங்குதளம் போடும்போது வைஃபை வரவில்லை என்று ஒரு குழுவில் கேட்டேன். "இது தினமும் வர்ற கேள்வி" என்று ஒருவர் எழுதினார், வேறு பதில் வரவில்லை. அதன்பின் அங்கே நான் எதுவும் கேட்கவில்லை. வேறொரு குழுவில் ஒரு அண்ணன், "வைஃபை சிப் எந்தக் கம்பெனி? டெர்மினலில் சிப் விவரத்தைக் காட்டும் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளை அடித்து வருவதை அனுப்பும்மா" என்று கேட்டார். பிராட்காம் கம்பெனி சிப், அதை இயக்கும் டிரைவர் மென்பொருளைத் தனியாகப் போட வேண்டியிருந்தது. இப்போது அந்தக் குழுவில் வைஃபை கேள்விகளுக்கு நான்தான் பதில் சொல்கிறேன். புதிதாக வருகிறவர்கள் எந்த இடத்தில் திணறுவார்கள் என்பது எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது, சீனியர்களுக்கு அது மறந்துபோயிருக்கிறது. அதனால் பின் செய்கிற பதிலை அனுபவசாலி எழுதட்டும், ஆனால் போடும் முன் புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள்.

கடலூர் அண்ணா, மழைக்காலத்துக்கு முன் அந்த நனைந்த லேப்டாப் பதிலைப் புதுப்பிக்கப் போகிறீர்களா? கேள்வி வரிகளைத் தொகுக்க நான் வருகிறேன். வாய்ஸ் மெசேஜில் வந்தவற்றையும் கேட்டு எழுதித் தருகிறேன்.