விரைவுபடுத்தச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள்: எதை எங்கே எழுதுவது?

கேள்வி: கப்பலூர் வாசகி

வணக்கம். மதுரை கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரிபாகங்கள் செய்யும் சிறு நிறுவனம் ஒன்றில் கடிதப் போக்குவரத்தைக் கவனித்து வருகிறேன். மோல்டு செய்து தருபவர், தூத்துக்குடியில் சரக்கை ஏற்றிவிடும் முகவர், வங்கி, இங்கிலாந்தில் இருக்கும் வாடிக்கையாளர் என எல்லோருக்கும் ஏதாவது ஒன்றை விரைவாக முடித்துத் தரும்படி ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கிறது. எங்கள் மேலாளர் எதற்கும் 'எக்ஸ்பெடைட்' என்றே போடச் சொல்கிறார். கணக்குப் பிரிவில் இருப்பவர் அதை அடித்துவிட்டு 'ஆக்சிலரேட்' என்று எழுதுகிறார். 'ஸ்பீட் அப்', 'ஹேஸன்' ஆகியவையும் இருக்கின்றன. அகராதியைப் புரட்டினால் நான்குக்கும் 'விரைவுபடுத்து' என்றே பொருள் தந்திருக்கிறது. இவற்றுக்குள் என்ன வேறுபாடு, வெளிநாட்டில் படிப்பவர் ஒவ்வொன்றையும் எப்படி எடுத்துக்கொள்வார் என்பதைத் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். ஒரு தேதியை முன்னுக்குக் கொண்டுவரும்போது 'பிரிபோன்' என்று எழுதலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில் 1: தல்லாகுளம் ஆசிரியர்

அம்மா, நீங்கள் விரைவுபடுத்த நினைப்பது தேங்கிக் கிடக்கும் ஒரு வேலையையா, ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றின் வேகத்தையா, வரப்போகும் ஒரு முடிவையா, அல்லது ஒரு மனிதரையா என்று முதலில் பாருங்கள். அது தெளிந்துவிட்டால் சொல் பெரும்பாலும் தானாக அமைந்துவிடும்.

'எக்ஸ்பெடைட்' இலத்தீனிலிருந்து வந்தது. கட்டுண்ட காலை விடுவிப்பது என்பது அதன் வேர்ப்பொருள். தடுப்பதைக் குறிக்கும் 'இம்பீட்' என்ற சொல்லும் அதே கால் என்ற வேரிலிருந்து பிறந்து எதிர்த்திசையில் போனது. ஆகவே ஒப்புதல், பணம் பட்டுவாடா, சரக்கு அனுப்புதல், விசாரணை என்று ஏதோ ஒரு மேசையில் நின்றுபோகக்கூடிய காரியங்களுக்கு இது மிகவும் பொருந்தும். ஆனால் இது செயப்படுபொருளை வேண்டும் வினை. நம் அலுவலகங்களில் 'ப்ளீஸ் எக்ஸ்பெடைட்' என்று மொட்டையாக எழுதி நிறுத்திவிடுகிறார்கள். சொல்லுக்குச் சொல் காசு வாங்கிய தந்தி நாட்களில் அந்தச் சிக்கனத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. இந்தியாவில் தந்திச் சேவையே 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டுவிட்டது. எதை என்று இப்போதாவது சேர்த்து எழுதலாம். மனிதரை 'எக்ஸ்பெடைட்' செய்ய முடியாது. அவரை அவசரப்படுத்த 'ஹரி' என்ற சொல் இருக்கிறது, அதையும் வணிகக் கடிதத்தில் எழுதினால் அதட்டுவது போல ஒலிக்கும்.

'ஆக்சிலரேட்' என்பதற்கு உங்கள் பட்டறையிலேயே நல்ல சான்று இருக்கிறது. ரப்பர் கலவையில் கந்தகத்தோடு ஆக்சிலரேட்டர் என்று ஒரு பொடியை எடைபோட்டுச் சேர்ப்பார்களே, அதன் வேலை வேதிவினையின் வேகத்தைக் கூட்டுவதுதான். சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்த முறையில் கந்தகம் மட்டும் சேர்த்த ரப்பர் பதமாவதற்கு மணிக்கணக்கில் ஆனது. 1906இல் ஜார்ஜ் ஓயன்ஸ்லேகர் என்ற அமெரிக்க வேதியியலர் அனிலின் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் அந்த நேரம் வெகுவாகக் குறைவதைக் கண்டார். அங்கே நின்றுபோன எதையும் யாரும் விடுவிக்கவில்லை, நடக்கிற வினைதான் வேகம் பிடித்தது. பள்ளி இயற்பியலில் முடுக்கம் என்று படித்ததும் இதே கருத்துதான். உற்பத்தி, வளர்ச்சி, தேய்மானம் ஆகியவற்றுக்கு இச்சொல் நன்றாக அமையும். ஒரே ஒரு கோப்பில் கையெழுத்து வேண்டும் என்னும்போது அது பொருந்தாது.

'ஹேஸன்' என்பதில் உள்ள 'டி' ஒலிக்காது. ஒரு முடிவு, வரவேண்டிய காலத்துக்கு முன்பே வந்துவிடுவதை அது சொல்கிறது. வீழ்ச்சி, சாவு, பிரிவு போன்ற வேண்டாத முடிவுகளோடு அதை அடிக்கடி காணலாம். மோல்டுக்காரரிடம் வேலையை 'ஹேஸன்' செய்யச் சொன்னால் பிழையில்லை என்றாலும் பழைய நூல் நடையாக இருக்கும். 'ரஷ்' என்பதில் பதற்றம் கலந்திருக்கிறது; பதறிய காரியம் சிதறும் என்று நாம் சொல்லும் அந்தப் பதற்றமேதான். ஐயம் வந்தால் 'ஸ்பீட் அப்' என்று எழுதுங்கள். அது எளிமையானது, எவரையும் புண்படுத்தாது.

பதில் 2: உசிலம்பட்டி, தற்போது தூத்துக்குடி

ஆசிரியர் ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். சரக்குத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கையைச் சேர்க்க விரும்புகிறேன். கப்பல், விமானச் சரக்குத் துறையில் 'எக்ஸ்பெடைட்டட்' என்பது கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் விரைவுச் சேவையின் பெயர். நம் ஊர் வழக்கில் சொன்னால் தட்கல். பாஸ்போர்ட்டுக்கு நாம் தட்கலில் கூடுதலாக 2,000 ரூபாய் கட்டுவதைப் போல, அமெரிக்காவில் 'எக்ஸ்பெடைட்டட்' பாஸ்போர்ட்டுக்குத் தனியாக 60 டாலர் வாங்குகிறார்கள். ஆகவே சரக்கை 'எக்ஸ்பெடைட்' செய்யுங்கள் என்று நீங்கள் எழுதினால், கடல்வழியை விட்டு விமானத்தில் அனுப்பவும் நீங்கள் பணம் தரத் தயார் என்று ஒரு முகவர் புரிந்துகொள்ள இடமுண்டு. கூடுதல் செலவு யாருடையது என்பதை அதே வாக்கியத்தில் எழுதிவிடுவது நல்லது.

'அட் தி எர்லியஸ்ட்' என்பதிலும் கவனம் வேண்டும். நம்மிடையே அதற்கு 'கூடிய விரைவில்' என்று பொருள். இங்கிலாந்துக்காரருக்கோ அது 'அதற்கு முன்னால் முடியாது' என்று பொருள்படும். பத்தாம் தேதி 'அட் தி எர்லியஸ்ட்' அனுப்புகிறோம் என்று நீங்கள் எழுதினால், பத்தாம் தேதிக்குள் வந்துவிடும் என்று அவர் நினைக்கமாட்டார். பத்துக்குப் பிறகு எப்போதோ என்று குறித்துக்கொள்வார். நீங்கள் கடிதம் எழுதியதன் நோக்கமே அங்கே கெட்டுவிடும். 'ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்' என்று எழுதி, கூடவே ஒரு தேதியும் கொடுங்கள்.

'பிரிபோன்' ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இந்திய ஆங்கிலம் என்ற குறிப்போடு இருக்கிறது; சென்னைக்கும் பெங்களூருக்கும் தயங்காமல் எழுதலாம். இங்கிலாந்துக்கு 'பிரிங் ஃபார்வர்ட்', அமெரிக்காவுக்கு 'மூவ் அப்'.

பதில் 3: ஒத்தக்கடை

மதுரைக் கிளை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தராக இருக்கிறேன். எங்கள் மனுக்களில் விசாரணையை முன்கூட்டி எடுக்கக் கோருவது 'எர்லி ஹியரிங்'. விரைந்து முடிக்கும்படி கீழமை நீதிமன்றத்துக்கு இடப்படும் ஆணையில் 'எக்ஸ்பெடிஷஸ்லி' என்று வரும். அரசமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கியதாக உச்ச நீதிமன்றம் 1979இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில் அறிவித்த உரிமை 'ஸ்பீடி டிரையல்'. இங்கே 'ஸ்பீடி' இருக்கும் இடத்தில் 'ஃபாஸ்ட்' என்று மாற்றி எழுத முடியாது. நோயாளிக்கு 'ஸ்பீடி ரிகவரி' என்றுதான் வாழ்த்துகிறோம், அதைப் போல.

சகோதரி வங்கிக்கும் எழுதுவதாகச் சொல்வதால் இதையும் தெரிவிக்கிறேன். கடன் ஒப்பந்தங்களில் 'ஆக்சிலரேஷன்' என்பதற்குத் தனிப்பொருள் உண்டு. தவணை தவறினால் மீதிக் கடன் முழுவதையும் உடனே கட்டச் சொல்லும் உரிமையை வங்கிக்குத் தரும் விதி அது. கடன் தொடர்பான கடிதத்தில் உங்கள் கணக்கர் அந்தச் சொல்லைப் போடாமல் இருப்பதே நல்லது.

கேள்வி கேட்டவர்: கப்பலூர் வாசகி

மூவருக்கும் நன்றி. மோல்டுக்காரருக்கு 'ஸ்பீட் அப்', வங்கிக்கு ஒப்புதலைச் சேர்த்து 'எக்ஸ்பெடைட்', முகவருக்குத் தேதியும் செலவு யாருடையது என்பதும் என்று வைத்துக்கொள்கிறேன். 'ஸ்பீட் அப்' இறந்தகாலத்தில் 'ஸ்பீடட் அப்' ஆகுமா, 'ஸ்பெட் அப்' ஆகுமா?

பதில்: தல்லாகுளம் ஆசிரியர்

இரண்டும் வழக்கில் இருக்கின்றன, அம்மா. வேகத்தைக் கூட்டினோம் என்னும் பொருளில் 'ஸ்பீடட் அப்' என்பதைப் பழைய இலக்கண நூல்கள் விரும்பின. இப்போது 'ஸ்பெட் அப்' என்றும் தாராளமாக எழுதுகிறார்கள். ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.