மோட்டார் சைக்கிளின் பின்பக்கத்தில் "டக்" என்ற தட்டல்: எஞ்சினைக் கழற்றுவதற்கு முன் எதைப் பார்ப்பது?

கொக்குவிலான்:

வணக்கம். என்னிடம் இருப்பது 150 சிசி மோட்டார் சைக்கிள். வேலைக்காகக் கொக்குவிலிலிருந்து கடலை ஊடறுத்துப் போகும் பண்ணைப் பாலம் வழியாக ஊர்காவற்றுறைக்குப் போய் வருகிறேன். மாரி மழை ஓய்ந்ததிலிருந்து வண்டியின் கீழ்ப்பக்கத்தில் ஒரு தட்டல் கேட்கிறது. மெதுவாக ஓடும்போது "டக்... டக்..." என்று ஒரே சீராக வருகிறது, மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் ஏறத்தாழ விநாடிக்கு ஒரு தடவை, வேகம் கூடக் கூட அடியும் நெருங்கி வருகிறது. இதைவிட, அக்சிலேற்றரை விட்டுவிட்டு மறுபடி முறுக்கும்போது "டொக்" என்று ஒரேயொரு அடி, காலுக்கும் தெரியக்கூடியதாக விழுகிறது.

ஒரு கராஜில் காட்டினேன். வண்டியை ஓடிப் பார்க்காமல், நிறுத்தி வைத்து எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, கியர்ப்பெட்டி பழுது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்றார்கள். வேறோர் இடத்தில் செயின் செற்றை (செயினையும், அது சுற்றி ஓடும் முன், பின் பல்லுச்சில்லுகளையும்) மாற்றினால் எல்லாம் சரிவரும் என்றார்கள். இரண்டுக்கும் செலவு வேறு, வேலையும் வேறு. எந்த ஒழுங்கில் சோதித்து முடிவுக்கு வரலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

நெல்லியடி மெக்கானிக்:

தம்பி, 20 கிலோமீற்றரில் விநாடிக்கு ஒரு தடவை என்று கவனித்து எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதற்குள்ளேயே இருக்கிறது. அந்த வேகத்தில் வண்டி விநாடிக்கு ஐந்தரை மீற்றர் போகும். உங்கள் வண்டியைப் போன்றவற்றின் பின் ரயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.9 மீற்றர் என்பதால், பின்சில்லு விநாடிக்கு மூன்று தடவைக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும். முன் பல்லுச்சில்லில் 15 பல்லும், பின்னால் 43 பல்லும், செயினில் 120 கண்ணியும் இருப்பதாக வைத்துக்கொண்டால், முன் பல்லுச்சில்லு விநாடிக்கு எட்டுத் தடவைக்கு மேல் சுற்ற, முழுச் செயின் ஒரேயொரு தடவைதான் சுற்றி வரும். வண்டிக்கு வண்டி பல் எண்ணிக்கை மாறும். உங்களுடையதை எண்ணிக் கணக்கிட்டுப் பாருங்கள். வண்டி ஓடும்போது கியர்ப்பெட்டிக்குள் சுழலும் எதுவும் விநாடிக்கு ஒரு தடவை என்ற அளவுக்கு மெதுவாகச் சுழல்வதில்லை. ஆகவே அந்த "டக்" செயினில் ஏதோ ஓர் இடத்தில் இருக்கிறது என்பதே என் கணிப்பு.

உறுதிப்படுத்துவதற்கு, வாகனம் குறைந்த, இரண்டு பக்கமும் மதில் உள்ள ஒழுங்கையொன்றில் ஓடிப் பாருங்கள். வெளியான இடத்தில் காற்றோடு போய்விடும் ஓசை, மதிலில் பட்டுக் காதுக்குத் திரும்பி வரும். ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளச்சைப் பிடித்து, அக்சிலேற்றரை விடுங்கள். எஞ்சின் அடங்கிய பிறகும் வண்டியின் வேகத்துக்கு ஏற்றபடி தட்டல் தொடர்ந்தால், பழுது எஞ்சினில் இல்லை; மேலே சொன்ன கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், பெரும்பாலும் செயினிலோ சில்லிலோதான். உடனே நின்றுவிட்டால் மட்டும் எஞ்சின் பக்கத்தைச் சந்தேகிக்கலாம். அப்போதுகூட, இழுவை இல்லாதபோது சில பழுதுகள் மௌனமாகிவிடும் என்பதை மறக்க வேண்டாம். ஒரு குறிப்பிட்ட கியரில் மட்டும் தட்டினாலோ, ஒயிலைக் கழிக்கும்போது இரும்புத் துணுக்கு வந்தாலோ, எஞ்சினைப் பிரிப்பதற்கு நியாயம் உண்டு. நியூற்றலில் தட்டி, கிளச்சைப் பிடித்ததும் ஓய்கிற ஓசை பெரும்பாலும் கிளச் பக்கத்தது; அது உங்கள் கதையில் இல்லை.

அடுத்தது, மெயின் ஸ்ராண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, நியூற்றலில் வைத்துப் பின்சில்லைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். எஞ்சினை ஓடவிட்டுச் செயினுக்குக் கிட்டக் கையையோ துணியையோ கொண்டுபோகவே கூடாது. விரல் போன ஆட்களை எனக்குத் தெரியும். ஒரு கண்ணியில் சோக்கால் அடையாளமிட்டு, கண்ணி கண்ணியாகப் பாருங்கள். பல்லுச்சில்லைச் சுற்றி வளைந்த பிறகும் நேராகாமல் மடிந்தபடியே வருகிற கண்ணிதான் நாங்கள் தேடுவது. கடற்பாதையில் ஓடும் வண்டிகளில் உப்புக் காற்றும் மழைத் தண்ணீரும் சேர்ந்து கண்ணிகளைப் பூட்டும் ஊசிகளுக்குள் துருவை ஏற்றிவிடுவதால் இது அடிக்கடி நடக்கும். செயினின் தொய்வையும் ஓர் இடத்தில் மட்டும் பார்க்காமல் நான்கைந்து இடத்தில் பாருங்கள்.

தென்மராட்சியான்:

மேலே சொன்ன கணக்கு மிகச் சரியானது. ஆனால் அந்த "டொக்" என்ற தனி அடியை அதனோடு சேர்த்துவிடக் கூடாது. அது வேறு பழுது என்றே எனக்குப் படுகிறது. செயின் மிகத் தொய்ந்திருந்தாலும் அப்படி அடிக்கும்தான், ஆயினும் காலுக்குத் தெரியும் அளவுக்கு அடித்தால் பின்சில்லின் ஹப்பினுள் (நடுக்குடத்தினுள்) இருக்கும் றப்பர்களை முதலில் பாருங்கள். எஞ்சினின் இழுவை சில்லுக்கு ஒரேயடியாகப் போய் விழாமல் தாங்குவது அவைதான். அவை தேய்ந்தால் இடைவெளி விழுந்து, இழுவை மாறும் ஒவ்வொரு தடவையும் உலோகம் உலோகத்தில் மோதும். எஞ்சினை அணைத்து, முதலாம் கியரில் போட்டு, பின்சில்லை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பின் பல்லுச்சில்லு அசையாமல் நிற்க, சில்லு மட்டும் தாராளமாக அசைந்தால் றப்பர் முடிந்துவிட்டது. சைக்கிள் ரியூப்பை வெட்டிச் செருகிச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். அது சில நாளில் நசிந்துவிடும் என்பதோடு, விலை குறைந்த ஒரு பொருளுக்காக ஹப்பையே பழுதாக்கும் வேலை என்பதால் நான் அதை ஒருபோதும் சொல்லமாட்டேன்.

முன் பல்லுச்சில்லின் மூடியையும் கழற்றிப் பாருங்கள். அது பக்கவாட்டில் சிறிதளவு அசைவது பல சிறிய வண்டிகளில் வழமைதான். தண்டில் சுழலும் திசையில் ஆடினால்தான் பழுது.

கொக்குவிலான்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒழுங்கையில் ஓடிக் கிளச்சைப் பிடித்தபோதும் தட்டல் தொடர்ந்தது. சோக் அடையாளம் போட்டுச் சுற்றிப் பார்த்ததில், அடுத்தடுத்து மூன்று கண்ணிகள் செந்நிறமாகத் துருவேறி, மடிந்த முழங்கால் போல நீளாமல் வருகின்றன. அந்த இடத்தில் செயின் விறைப்பாகவும், எதிர்ப்பக்கத்தில் நன்றாகத் தொய்ந்தும் இருக்கிறது. சில்லை ஆட்டியபோது, பல்லுச்சில்லு அசையும் முன்னரே சில்லு விரலளவு நகர்கிறது. முன் பல்லுச்சில்லு தண்டில் ஆடவில்லை. மண்ணெண்ணெயில் கழுவி ஒயில் விட்டால் அந்தக் கண்ணிகள் இளகுமா, அல்லது முழுச் செற்றையும் மாற்ற வேண்டுமா?

நெல்லியடி மெக்கானிக்:

கழுவினால் இளகக்கூடும், ஆனால் அளந்து பார்க்காமல் நம்ப வேண்டாம். உங்கள் வண்டிக்கு 428 என்ற அளவுச் செயின் என்றால், இழுத்துப் பிடித்து 20 கண்ணியின் நீளத்தைப் ஊசியின் மையத்திலிருந்து ஊசியின் மையத்துக்கு அளந்து பாருங்கள். புதிதில் 254 மில்லிமீற்றர். 259ஐத் தாண்டியிருந்தால் அந்தச் செயினுக்குச் செலவழிக்கும் ஒயில் வீண். விறைத்த இடத்திலும் தொய்ந்த இடத்திலும் தனித்தனியே அளந்து, கூடியதையே கணக்கில் எடுங்கள். மாற்றுவதானால் இரண்டு பல்லுச்சில்லுகளையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பல் புதுச் செயினையும் விரைவில் தின்றுவிடும். சில்லைக் கழற்றிய கையோடு ஹப் றப்பர்களையும் மாற்றி, பெயறிங் கரகரப்பில்லாமல் சுழல்கிறதா என்று விரலை விட்டுச் சுற்றிப் பாருங்கள்.

பூட்டும்போது, செயினின் இரு முனைகளையும் இணைக்கும் லொக் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். தொய்வை உங்கள் வண்டிக் கையேட்டின்படி, செயின் ஆக விறைப்பாக வரும் இடத்தில் வைத்தே சரிசெய்யுங்கள். அதன்பின், பண்ணையால் ஓடும்வரை, வாரத்துக்கு ஒரு தடவை துடைத்து 90 கியர் ஒயில் விடுங்கள். மழையில் நனைந்து வந்த நாளென்றால் அன்று இரவே விடுங்கள்.