நான்கு பேருடைய தமிழ் நிரல்களை ஒரே திறமூல நூலகமாகச் சேர்க்கிறோம். 'கொடி'யில் சோதனை தோற்கிறது

கேள்வி:
வணக்கம். நாங்கள் நான்கு நண்பர்கள். தமிழ் உரைக்காக ஆளுக்கொரு பக்கம் பைத்தானில் எழுதி வைத்த துண்டு நிரல்கள் நிறைய இருக்கின்றன: எழுத்து எண்ணுவது, அகரவரிசைப்படுத்துவது, பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய உரையை இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடாக மாற்றுவது. ஒருவர் எழுதியதையே இன்னொருவரும் உட்கார்ந்து எழுத வேண்டாமே என்று எல்லாவற்றையும் ஒரே கிட் களஞ்சியத்தில் (நிரல்களைச் சேர்ந்து பராமரிக்கும் இடம்) சேர்த்தோம். யாரும் தாராளமாக எடுத்தாள விடும் எம்ஐடி உரிமத்தில் வெளியிட ஆசை. சேர்த்த அன்றே சிக்கல். 'கொடி' என்ற சொல் என் கோப்பில் 4 யூனிகோடு குறியீடுகள், நண்பர் கோப்பில் 5. திரையில் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. ஒப்பிட்டால் சமமில்லை என்கிறது. யார் நிரலில் தவறு?

பதில் 1:
நண்பர் கோப்பு பாமினியிலிருந்து மாற்றியதா? பாமினியில் கொம்பு, க, கால் என்று தனித்தனியாகத் தட்டுவோம். யூனிகோடாக்கும் மாற்றி நிரல் அவற்றை இணைக்காமல் விட்டால் 'ொ' இரண்டு குறியீடுகளாக நிற்கும். யூனிகோடுக்கு இரண்டு வடிவமும் சமானம்தான், பைத்தானுக்கு வேறு வேறு. நூலகத்துக்குள் உரை நுழையும் இடத்திலேயே என்எஃப்சி இயல்பாக்கம் (இப்படிப் பிரிந்து நிற்பதை ஒரே வடிவமாக இணைப்பது) செய்யுங்கள். பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா தொகுதி போதும். ஔகாரக் குறியின் பின்பாதிக்குப் பதில் 'ள' எழுத்தைத் தட்டியிருந்தால் மட்டும் இது சரிசெய்யாது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றவும் கூடாது, 'கெளுத்தி' கெட்டுவிடும்.

அப்புறம், 'தமிழ்' என்பதற்கு 5 வருகிறதா 3 வருகிறதா என்று பாருங்கள். 5 குறியீடு, 3 எழுத்து. எதை எண்ணுகிறீர்கள் என்பதை நான்கு பேரும் பேசி, சோதனையாக எழுதிவிட்டு மற்றதைச் சேருங்கள்.

பதில் 2:
எனக்கு உரிமம்தான் கவலை. அந்த மாற்றி முழுக்க நண்பரே எழுதியதா?

கேள்வி கேட்டவர்:
கேட்டேன். பாதியை ஜிபிஎல் உரிமத்தில் உள்ள ஒரு திட்டத்திலிருந்து எடுத்தாராம்.

பதில் 2:
அப்படியானால் இப்போதைக்கு எம்ஐடி என்று போடாதீர்கள். ஜிபிஎல் நிரலைச் சேர்த்து வெளியிடுவதும் ஜிபிஎல்லிலேயே இருக்க வேண்டும். அதை எழுதியவர்களிடம் அனுமதி வாங்குங்கள், அல்லது அந்தப் பகுதியைப் புதிதாக எழுதுங்கள், இல்லையென்றால் முழு நூலகத்தையும் ஜிபிஎல்லில் விடுங்கள். உங்கள் நான்கு பேர் சம்மதமும் எழுத்தில் இருக்கட்டும். அவரவர் நிரலுக்கு அவரவரே உரிமையாளர். உரிமக் கோப்பே இல்லாமல் பொதுவில் வைத்தால், பார்க்கிறவர்களுக்கு எடுத்தாளும் உரிமை வந்துவிடாது. ஓப்பன்-தமிழ் நூலகத்தையும் ஒருமுறை பாருங்கள். எழுத்து பிரிப்பது அதில் ஏற்கெனவே இருக்கிறது, அதுவும் எம்ஐடிதான். உங்களுடையதில் சிலவற்றை அங்கேயே சேர்த்துவிடலாம்.

கேள்வி கேட்டவர்:
இயல்பாக்கம் சேர்த்ததும் 'கொடி' சரியாகிவிட்டது, மிக்க நன்றி. மாற்றியைக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டோம். பழைய நிரலைப் பார்க்காத இன்னொரு நண்பர், பாமினி விசைப்பலகை அட்டவணையை வைத்துப் புதிதாக எழுதுகிறார்.