அவரையில் விளைச்சலையும் விதையையும் எப்படி ஒப்பிடுவது?

வணக்கம் நண்பர்களே. இந்த ஆடிப்பட்டத்தில் பந்தலுக்குப் பச்சைப் பட்டை அவரை, ஊதா அவரை இரண்டும், பாத்தியில் கோ 14 என்ற குத்து அவரை (பந்தல் வேண்டாத செடி) ரகமும் போடலாமென்று இருக்கிறேன். எது அதிகம் காய்க்கும், எதில் நல்ல விதை தேறும் என்று பார்க்க ஆசை.

ஆனால் கொடி அவரை பகல் குறுகிய பிறகுதான் பூக்கும். மார்கழி, தை வரை இழுத்துவிடும். குத்து அவரை அதற்குள் காய்த்தே முடிந்துவிடும். இரண்டையும் செடிக் கணக்கில் எடை போடுவதா, சதுர அடிக் கணக்கிலா? நான் சதுர அடி என்பேன். பந்தல் செலவு தனி.

இன்னொன்று, விதைக்கென்று காயை முற்ற விட்டால் புதுப் பூ குறைகிறது. அதனால் விதைக்குத் தனிச் செடி விடுவீர்களா, கடைசிப் பறிப்பை மட்டும் விடுவீர்களா?

அப்புறம், ஊதா அவரையில் கறுப்பு விதைகளுக்கு நடுவே இந்த முறை சில பழுப்பாக வந்தன, வெள்ளை மூக்கு (விதை ஓரத்து வெள்ளைக் கோடு) மட்டும் அப்படியே. அவரை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்றாலும், எங்கள் பந்தலில் கருவண்டு நடமாட்டம் அதிகம்; அதனால் ரகங்கள் கலந்திருக்குமோ என்று சந்தேகம். ரகங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடுகிறீர்கள்? பூங்கொத்துக்கு வலைப்பை கட்டிப் பார்த்தவர்கள் இருந்தால் அவசியம் சொல்லுங்கள்.